யூக்கலிப்டஸ் போத்தலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

எட்டு மாதப் பிள்ளைக்குத் தடிமன். யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தலையணையில் தெளிக்கலாமா? (மல்லாவி)

வேண்டாம் அம்மா. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முகத்துக்குக் கிட்ட யூக்கலிப்டஸ், புதினா, கற்பூரம் கலந்த எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காரம் குழந்தையின் தொண்டையை இறுக்கி மூச்சையே அடைக்கக்கூடும். பாமசியில் கிடைக்கும், மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்செடுக்கும்போது விலா உள்வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று வயது மகன் யூக்கலிப்டஸ் எண்ணெயைக் குடித்துவிட்டான். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தோம். செய்தது சரியா? (புதுக்குடியிருப்பு)

பதற்றத்தில் செய்திருக்கிறீர்கள், ஆனால் அது தவறு. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக்கூடாது என்று எங்கள் ஊர்களில் பலருக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். மேலே வரும் எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வாயைத் துடைத்துவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வைத்தியர் பார்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், சில மணி நேரம் கழித்தும் மயங்கலாம்.

சாமித்தட்டின் கீழ்ப்படியில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில், மூடி தளர்ந்த ஒரு போத்தல். நான் போன எத்தனையோ வீடுகளில் அது அங்கேதான் இருந்தது. பிள்ளையின் கை எட்டுகிற உயரம். போதாததற்கு இந்த எண்ணெய்கள் தீப்பிடிக்கக்கூடியவை.

நுளம்புக்கு சிட்ரோனெல்லா எண்ணெயை அப்படியே கைகாலில் பூசலாமா? (மாங்குளம்)

அப்படியே பூசினால் தோல் எரியும். 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் 12 துளி போதும். முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இதன் காவல் நீண்ட நேரம் நிற்காது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே வளவில் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்ப்பதுதான் பெரிய வேலை. இன்னொன்று: தேசிக்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வயலுக்கு இறங்காதீர்கள். தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய் என்றால், வெயில் பட்ட இடம் கொப்பளிக்கும்.

பல்வலிக்குக் கராம்பு எண்ணெய்? (நெடுங்கேணி)

பெரியவர்களுக்கு, பஞ்சில் ஒரு துளி, பல்லில் மட்டும். முரசில் பட்டால் புண்ணாகும். பிள்ளைகளுக்கு வேண்டாம், விழுங்கினால் ஈரலைத் தாக்கும். வலி தணிந்தாலும் சொத்தை அப்படியேதான் இருக்கும், பல் வைத்தியரிடம் போங்கள்.

தகரக் கூரை வீடு. வெக்கையில் எண்ணெய் பழுதாகுமா? (பரந்தன்)

ஆகும். சூடும் காற்றும் பட்ட எண்ணெய் மணம் மாறும், பூசினால் சொறியும் வரும். அதை எறிந்துவிடுங்கள். நல்லதை நிறக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, அடுப்படிக்குத் தள்ளி, பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். அலுமாரி இல்லையா, பூட்டுப் போட்ட றங்குப்பெட்டி போதும். திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.