பிளாக் பெல்ட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றரை வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறாள். இப்போது ஆரஞ்சு பெல்ட். இன்னும் இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்கிவிடலாம் என்கிறார் மாஸ்டர். மொத்தமாகக் கட்டினால் ஃபீஸில் தள்ளுபடியும் உண்டாம். தோழியின் மகன் போகும் இடத்தில் ஏழு வருடம் ஆகும் என்கிறார்களாம். உண்மையில் எத்தனை வருடம் ஆகும்? பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, முரடாகிவிடுவாள் என்கிறார் மாமியார். பிற்பாடு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுமா? அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே வருடக்கணக்கில் கட்டி, அழுக்கேறிக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட் என்று வாட்ஸப்பில் படித்தேன். கண் கலங்கிவிட்டது. மகள் பயிற்சி செய்யும் வீடியோ ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

எங்கள் தெருமுனையில் பத்து நாளாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கிறது. ஏழு வயதுப் பையன் ஒருவன், இடுப்பில் கறுப்பு பெல்ட், நீட்டிய முஷ்டி. மேலே முட்டை வடிவ வட்டங்களுக்குள் தாத்தா, பெரியப்பா, வார்டு கவுன்சிலர். பையனுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. பால் வாங்கப் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்து எதையோ நினைத்துக்கொண்டே நடக்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சில்லறைக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். மாமியார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோட்டாவைப் பற்றி ஒன்பது வயதில் யோசிப்பது பாவம். வாட்ஸப் கதைக்குக் கண் கலங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்கம்மா? பருத்தித்துணி வியர்வையில் ஊறினால் மஞ்சளிக்கும், பழுப்பேறும், நாறும், கடைசியில் இற்றுப்போகும். உலகத்தில் எந்த வேட்டியாவது அழுக்கேறிக் கறுப்பு வேட்டியானதைப் பார்த்திருக்கிறீர்களா? பெல்ட்டைத் துவைத்துக் காயப்போடுங்கள்.

கறுப்பு பெல்ட் கராத்தேயின் சொத்தே அல்ல, ஜப்பானிய மல்யுத்தமான ஜூடோவிடம் வாங்கிய கடன். ஜிகோரோ கானோ என்ற இருபத்தொரு வயது இளைஞர் 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவு இடத்தில், கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். கானோ அடிப்படையில் ஒரு வாத்தியார். மாணவர்களைத் தரம் பிரிக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ ஆட்டத்தில் ஆட்டக்காரர்களை ‘டான்’ என்று படிப்படியாகப் பிரிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 1883-ல் தோமிதா, சைகோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். பள்ளி தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டான் வாங்கியவர்கள் கறுப்புப் பட்டை கட்டும் வழக்கம் இன்னும் சில வருடம் கழித்து வந்தது. கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் அதைக் கற்ற பழைய ஆட்களுக்கு பெல்ட் என்ற ஒன்றே கிடையாது. அந்தத் தீவின் கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோ வந்து கானோவின் கூடத்தில் கராத்தே செய்து காட்டினார். உடையையும் தரவரிசையையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு 1924-ல் முதல் கறுப்பு பெல்ட்களை வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் பிற்பாடு ஐரோப்பாவில் பரவியவை. 1930-களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பாரிஸ்காரர்களின் கையிலும் அடிக்கடி எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது போல.

அந்த முதல் டானின் பெயரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஷோடான். ஜப்பானியில் ஒன்று என்பதற்கு ‘இச்சி’. இரண்டாவது டான் நிடான், மூன்றாவது சான்டான், எல்லாம் ஒழுங்காக எண்ணிக்கையில் போகிறது. முதலாவதை மட்டும் இச்சிடான் என்று சொல்வதில்லை. ‘ஷோ’ என்றால் தொடக்கம். நம் கணக்கில் சொன்னால் அரிச்சுவடி முடிந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது, இனிமேல் பாடம் நடத்தலாம் என்று அர்த்தம். எழுத்துக்கூட்டிப் படித்ததற்கு நாம் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம்.

சரி, எத்தனை வருடம்? கராத்தேயில் வாரம் மூன்று நாள் ஒழுங்காக வரும் பெரியவருக்கு நான்கைந்து வருடம். ஜப்பானில் பள்ளிக்கூட ஜூடோ மாணவர்கள் ஒன்றிரண்டு வருடத்திலேயே வாங்கிவிடுகிறார்கள், யாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவதில்லை. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பத்து வருடம் சாதாரணம், பத்தொன்பது வயதுக்கு முன் கறுப்பு கிடையாது. கொரியாவின் டேக்வாண்டோவில் பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் பாதி சிவப்பு பாதி கறுப்பான பூம் பெல்ட்தான். ஆக இரண்டு வருடமும் பொய்யில்லை, ஏழு வருடமும் பொய்யில்லை. நம்மிடமும் இந்தக் கேள்வி பழசுதான். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருடம் ஆடிப் பழகி, பன்னிரண்டில் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கணக்குச் சொல்கிறது. ஆனால் அவள் அரங்கேறியது சோழ மன்னன் முன்னால். சரியாக ஆடாவிட்டால் தலைக்கோல் பட்டம் இல்லை.

நான் சொல்ல வருவது அதைத்தான். மாஸ்டரிடம் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். போன டெஸ்டில் எத்தனை பேர் ஃபெயில் என்று கேளுங்கள். யாருமே இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னால் அங்கே நடப்பது டெஸ்ட் இல்லை, வசூல். தள்ளுபடியோடு மொத்தமாக வாங்கிக்கொண்டவர் உங்கள் பெண்ணை எப்படி ஃபெயில் ஆக்குவார்? சொல்லுங்கள். ஜப்பானிய வாள்பயிற்சியான கெண்டோவில் தரத்தைக் காட்டும் பெல்ட்டே கிடையாது. யார் எந்த டான் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எட்டாவது டான் தேர்வு எழுத ஏழாவது வாங்கிப் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வயது நாற்பத்தாறு முடிந்திருக்க வேண்டும். தேறுவது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ரிட்டையரான ஆட்கள் தோற்கிறார்கள், அடுத்த தடவை மறுபடி மூங்கில் வாளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நம் ஊரில் ஒன்பது வயதுக் குழந்தை ஃபெயிலானால் அப்பா அடுத்த தெரு மாஸ்டரிடம் கூட்டிப்போய்விடுகிறார்.

ஃபெயிலைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, நான் ஃபெயிலானவன். 1986. தெற்கே ஒரு சின்ன ஊர். ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம்தான் எங்கள் வகுப்பு. மாஸ்டர் அதே மில்லில் ஃபிட்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கும் களம் கொதிக்கும். ஆறு வருடம் வெறுங்காலோடு அதில் நின்றிருக்கிறேன். பதினேழு வயதில் பிளாக் பெல்ட் கிரேடிங். மெட்ராஸிலிருந்து வந்த எக்ஸாமினர் காலை முழுக்க வேலை வாங்கினார். கட்டா, அதாவது வரிசையாகச் செய்து காட்ட வேண்டிய அடிகளும் தடுப்புகளும், செய்து முடித்தேன். அவர் எழுந்து வந்து என் பின்கால் குதிகாலைத் தன் கட்டைவிரலால் தட்டினார். “தரையில இல்ல. குத்து இங்கேருந்துதான் வரணும்” என்றார். அவ்வளவுதான். சூட்டுக்குப் பயந்து குதிகாலைத் தூக்கித் தூக்கியே பழகியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

வீட்டுக்கு வந்து பாஸ் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாசலில் அம்மா நின்ற நிற்பு அப்படி. அன்றைக்கே கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஒரு நண்பன் வீட்டுக் கொல்லையில் பழைய வாளியில் கறுப்புச் சாயப் பொட்டலத்தைக் கரைத்து, என் பிரவுன் பெல்ட்டை முக்கி எடுத்தேன். சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறியது. அதை அம்மா சாமி படத்துக்குக் கீழே மாட்டிவைத்தாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார், என்னைத் தேற்ற. நான் உள்ளே இருந்தேன். அம்மா மீதியிருந்த கேசரியைச் சூடாக்கி வைத்து, “எல்லாம் உங்க புண்ணியம் மாஸ்டர், புள்ள பாஸாயிட்டான்” என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பெல்ட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கேசரியை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, “நெய் நல்லா விட்டிருக்கீங்கம்மா” என்று சொல்லிக் கைகழுவப் போனார். அடுத்த நாள் களத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “லைன்ல நில்லு” என்றார். பிரவுன் பெல்ட்காரர்கள் வரிசையில் வேறொருவனின் இரவல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த கிரேடிங்குக்குள் எனக்கு வேறு ஊரில் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. பிறகு போகவில்லை. 2009-ல் சாகும்வரை அம்மா சொந்தக்காரர்களிடம் என்னைப் பிளாக் பெல்ட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கேயோ போய்விட்டேன். நீங்கள் அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். நல்ல பெண். கண் நேராக இருக்கிறது, குத்தும்போது தோள் ஏறவில்லை. ஒன்றரை வருடத்தில் எனக்கு இதெல்லாம் வரவில்லை. ஆனால் சூடே இல்லாத ரப்பர் மெத்தையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் பின்கால் குதிகாலைத் தூக்குகிறாள். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று “வெரி குட்” என்கிறார்.