கைப்பேசி கேள்வி – பதில்: நம்பி ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை

செயலியை இறக்கியாயிற்று, ஆனால் சரியாக வேலை செய்யவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

? அம்மாவுக்கு 74 வயது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நேரத்துக்கு நினைவூட்டும் செயலி ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக அடித்தது, பிறகு சத்தமே இல்லை. செயலியைத் திறந்தால் மட்டும் தவறிப்போன நினைவூட்டல்கள் எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன. போன் பழுதா?
— வாசகி, தஞ்சாவூர்

போன் பழுதில்லை. திறந்ததும் வரிசையாக வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக ஆண்ட்ராய்ட் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதலே இந்த ஏற்பாடு உண்டு. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கிற போனில் பின்னணி வேலைகளை அது தள்ளிப்போடும். இதற்கு மேல் போன் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளை வைக்கிறார்கள். பெரியவர்களின் போன் பெரும்பாலும் மேசையில் அசையாமல் கிடப்பதால் அவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய் அந்தச் செயலியைத் தொடுங்கள். அங்கே 'பேட்டரி' என்பதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வையுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு பொத்தான் உங்கள் போனில் இருந்தால் அதையும் போடுங்கள். அதைப் போடாவிட்டால் போனை அணைத்து மறுபடி இயக்கிய பிறகு செயலி தானாக எழுந்திருக்காது. ஆண்ட்ராய்ட் 12 முதல் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தனி அனுமதி வந்திருக்கிறது. குறித்த நிமிடத்தில் அடிக்க அது தேவை. ஆண்ட்ராய்ட் 13 முதல் அறிவிப்பு காட்டவே உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் 'டோன்ட் அலவ்' என்று தட்டியிருந்தால் செயலி வாய் திறக்காது.

'ஃபோர்ஸ் ஸ்டாப்' பொத்தானைத் தொடாதீர்கள். அதை அழுத்தினால் அந்தச் செயலி வைத்திருந்த அலாரம் எல்லாம் ரத்தாகிவிடும். மறுபடி திறக்கும் வரை அடிக்காது. அண்மையில் பயன்படுத்திய செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கம் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கும். சில போன்களில் அதற்கும் இதே விளைவுதான்.

எல்லாம் செய்தபின் சோதித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அடிக்கும்படி ஒரு நினைவூட்டல் வைத்து, போனை மேசையில் வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜரில் இருக்கும் போன் தூங்காது என்பதால் அப்படிச் செய்யும் சோதனை எப்போதும் தேறிவிடும். அதை நம்பக் கூடாது. இரவு ஒருமுறை போனை அணைத்து உடனே மறுபடி இயக்கிவிட்டு, மறுநாள் காலை வேளைக்கு அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் கருத்து இது: நாளைக்கு இரண்டு மூன்று வேளைதான் என்றால் தனிச் செயலியே வேண்டாம். போனோடு வரும் கடிகாரச் செயலியில் அலாரம் வைத்து, 'லேபிள்' பகுதியில் "காலை – சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை மாத்திரை" என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். போன் அதைத் தூங்க வைப்பதில்லை. அலாரத்தின் ஒலி அளவு அழைப்பு மணியின் ஒலி அளவிலிருந்து தனி. அதை முழுதாக ஏற்றி வையுங்கள். போன் அடிக்கும், ஆனால் மாத்திரை விழுங்கப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தால், அன்றைய அறை காலியா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

? வாஷிங் மெஷின் துணி பிழியும்போது நகர்ந்து நகர்ந்து சுவரில் இடிக்கிறது. தரை மட்டம் சரியா என்று போனில் பார்க்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

நம்பலாம், ஆனால் வைக்கும் விதத்தில் கவனம் தேவை. ஐபோனில் 'மெஷர்' செயலிக்குள்ளேயே மட்டப்பலகை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'பபிள் லெவல்' என்று தேடினால் கிடைக்கும். எந்தச் செயலியானாலும் தொடர்பு எண்களோ புகைப்படங்களோ கேட்டால் போடாதீர்கள். மட்டம் பார்க்க அவை தேவையே இல்லை.

முதலில் போனின் உறையைக் கழற்றுங்கள். போனின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு நிற்பதால், அப்படியே வைத்தால் சமதரையிலும் சாய்வு காட்டும். கேமரா பகுதி மெஷினின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனை அரை வட்டம் திருப்பி, கேமரா பகுதி எதிர்ப்பக்க விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து மறுபடி பாருங்கள். முதலில் மெஷினின் வலப்புறம் 1 டிகிரி தாழ்வு என்றும், திருப்பிய பிறகும் அதே வலப்புறம் 1 டிகிரி தாழ்வு என்றும் வந்தால் மெஷின்தான் சாய்ந்திருக்கிறது. திருப்பியதும் தாழ்வு இடப்புறம் மாறினால் தவறு போனில். அப்போது செயலியில் 'கேலிபரேட்' செய்துகொள்ளுங்கள்.

60 சென்டிமீட்டர் அகல மெஷினில் 1 டிகிரி என்றால் ஒரு பக்கம் சுமார் 1 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கக் காலின் பூட்டு நட்டைத் தளர்த்தி, காலைத் திருகி உயர்த்தி, நட்டை மறுபடி இறுக்குங்கள். நட்டை இறுக்காமல் விட்டால் நான்கு சலவைக்குள் கால் தானே இறங்கிவிடும். பிறகு மெஷினின் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள்; ஆடக் கூடாது.

மெஷின் புதிது, முன்பக்கக் கதவு வகை, முதல் நாளிலிருந்தே குதிக்கிறது என்றால் மட்டத்தைப் பார்க்க வேண்டாம். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் போட்ட நீள போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். உடனே நிறுத்திவிட்டு அவற்றைக் கழற்றுங்கள்.

? தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போகிறேன். நடைமேடையில் நின்று ரயில்வே செயலியில் டிக்கெட் எடுத்தால் மறுக்கிறது. வெளியே தெருவில் நின்றால் கொடுக்கிறது. ஏன் இப்படி?
— வாசகர், தாம்பரம்

வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பரிசோதகரைக் கண்டதும் ரயிலுக்குள் நின்றபடியே டிக்கெட் எடுத்துக் காட்டுவதைத் தடுக்கத்தான் நிலைய எல்லைக்குள் காகிதமில்லா டிக்கெட் கொடுப்பதில்லை. நிலையத்துக்குள் வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைச் செயலியின் க்யூஆர் பகுதி வழியே ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

வெளியே நின்றும் மறுக்கிறது என்றால், இருப்பிட அனுமதியில் 'அப்ராக்சிமேட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதை 'ப்ரிசைஸ்' ஆக்க வேண்டும். பணம் போய் டிக்கெட் வரவில்லை என்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முன்பதிவு வரலாற்றைத் திறந்து புதுப்பித்துப் பாருங்கள். செயலிக்குள் இருக்கும் பணப்பையான ஆர்-வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டு வைத்தால் காலை நெரிசலில் வங்கிச் சர்வரை நம்பியிருக்க வேண்டியதில்லை.

டிக்கெட்டைச் செயலிக்குள் 'ஷோ டிக்கெட்' வழியேதான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. போனில் உயிர் இல்லை என்றால் டிக்கெட் இல்லாத பயணிதான் நீங்கள். ஆகவே 10 சதவீதத்துக்குக் கீழே பேட்டரி இருந்தால் கவுன்டரில் எடுத்துவிடுங்கள். 2025 ஜூலை 1-ல் வெளியான 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவும் முன்பதிவில்லாப் பயணமும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. பழைய யுடிஎஸ் (முன்பதிவில்லா டிக்கெட்) அல்லது ஐஆர்சிடிசி (முன்பதிவு) கணக்கை வைத்தே உள்ளே நுழையலாம்.

? போன் நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது. 'க்ளீனர்' செயலி போடலாமா?
— வாசகி, மதுரை

போடாதீர்கள். இடத்தை அடைத்திருப்பது அநேகமாக வாட்ஸ்அப் வீடியோக்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்தால் 5 எம்.பி.க்கு மேற்பட்டவை தனியாக, பலமுறை ஃபார்வர்ட் ஆனவை தனியாக நிற்கும். காலை வணக்கப் படங்களும் குழு வீடியோக்களும் அங்கேதான் குவிந்திருக்கும். தேர்ந்தெடுத்து அழியுங்கள். அதே பகுதியில் தானாக இறங்கும் வசதியிலிருந்து வீடியோவை எடுத்துவிட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே கேள்வி வராது.

புகைப்படங்களில் ஒரு ஆபத்து உண்டு. கூகுள் போட்டோஸில் சேமிப்பான படத்தை அதே செயலியில் 'டெலீட்' கொடுத்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். போனில் மட்டும் இடம் விட 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதையே பயன்படுத்துங்கள். தவறி அழித்துவிட்டால், சேமிப்பான படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். சேமிப்பாகாதது 30 நாள். கூகுள் தரும் இலவச 15 ஜி.பி. இடத்தை ஜிமெயில், டிரைவ், படங்கள், ஆண்ட்ராய்ட் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

? டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம் வரமாட்டேன் என்கிறது. பெயர் பொருந்தவில்லையாம். உரிமத்தைப் படம் எடுத்து அதில் ஏற்றி வைத்தால் போதாதா?
— வாசகர், திருச்சி

போதாது. டிஜிலாக்கரில் இரண்டு அலமாரிகள். 'இஷ்யூட்' பகுதியில் வருவது அரசுத் துறையின் பதிவேட்டிலிருந்து நேரே எடுத்தது. சோதனையில் அதற்குத்தான் அசலின் மதிப்பு. 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்று தெளிவாக்கினார்கள். நீங்களே ஏற்றிய படம் வெறும் நகல்தான்.

பெயர்ச் சிக்கல் நம் ஊரில் அதிகம் வருவது முதலெழுத்தால். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கும், உரிமத்தில் முன்னால் இருக்கும். அல்லது ஒன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். ஆகவே பள்ளிச் சான்றிதழ், பான், பாஸ்போர்ட் எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்த பிறகே ஆதாரைத் தொடுங்கள். உரிமத்தில்தான் பிழை என்றால் அதைத் திருத்துவதே நல்லது. உரிமம் மிகப் பழைய புத்தக வடிவம் என்றால் கணினிப் பதிவிலேயே ஏறாமல் இருக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 'பேக்லாக்' பதிவு கேளுங்கள்.

? தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு வந்தது. அப்பா அதை நிறுவிவிட்டார். என்ன செய்வது?
— வாசகி, சேலம்

பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்றால் அது செயலி. உடனே போனை ஃப்ளைட் மோடில் போட்டு சிம்மைக் கழற்றுங்கள். இவ்வகைச் செயலிகள் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைத் திருடுபவை. வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கின் இணையப் பரிவர்த்தனையை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடுத்த நிமிடமே சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, தன்னை மறைத்துக்கொள்பவை உண்டு. படங்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக ரீசெட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதியில் வாட்ஸ்அப்புக்கு உள்ள அனுமதியை மூடிவிடுங்கள்.

? கண் மங்கல். தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமாக இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

ஜிபோர்ட் விசைப்பலகையின் செட்டிங்ஸில் 'லாங்குவேஜஸ்' போய்த் தமிழைச் சேருங்கள். பிறகு விசைப்பலகையில் தமிழ் தெரியும்போது மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். ஆங்கிலப் பலகை நிற்கும்போது மைக்கைத் தொட்டால் தமிழைத் தாறுமாறாக எழுதும். பலர் விட்டுவிடுவது இதனால்தான். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார வேண்டாம். ஒரு வாக்கியம் பேசி நிறுத்தி, திரையைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுங்கள்.

? குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். வழியில் சிக்னல் போய்விடும் என்கிறார்கள். வரைபடம் வேலை செய்யுமா?
— வாசகர், ஈரோடு

வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போனால் செய்யும். கூகுள் மேப்ஸில் உங்கள் முகப்புப் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்', 'செலக்ட் யுவர் ஓன் மேப்'. நீலச் சட்டத்துக்குள் நாமக்கல், சேந்தமங்கலம், அடிவாரத்திலுள்ள காரவள்ளி, மலை முழுவதும் அடங்கும்படி வைத்து வைஃபையில் இறக்குங்கள். இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் காட்டுவதால் சிம்மே இல்லாமலும் நீலப் புள்ளி நகரும். புறப்படும் முன் ஃப்ளைட் மோடில் போட்டு, இருப்பிட வசதி இயங்கும் நிலையில் ஒரு வழியைத் தேடிப் பாருங்கள்.

இணையம் இல்லாதபோது கார் வழி மட்டுமே சொல்லும், நடைவழி சொல்லாது. ஆகவே ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டுக்கு அதை நம்பாதீர்கள். அது காட்டும் நேரத்தில் அப்போதைய போக்குவரத்து நெரிசல் சேராது. மலையேற 70 கொண்டை ஊசி வளைவுகள். காட்டும் நேரத்துக்கு மேல் அரை மணி கூட்டி வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் காரவள்ளிக்கு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.