டிராலி வாங்குவதற்கு முன்: லாரிப் பட்டறையில் கருவிகளைப் பிரித்து அடுக்கும் முறை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் தேசிய நெடுஞ்சாலையோரம் லாரி, டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். ஒரே நேரத்தில் 2 வண்டிகளை நிறுத்தி வேலை செய்ய இடம் உண்டு. மெக்கானிக்குகள் 4 பேர், உதவியாளர்கள் 2 பேர். கருவிகள் எல்லாம் சுவரோர இரும்பு அலமாரியில் இருப்பதால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. மாலையில் எண்ணிப் பார்த்தால் ஏதாவது ஒன்று குறைகிறது. தொப்பூர் கணவாய், கிரானைட் குவாரி என்று வெளியிடங்களுக்கும் அழைப்பு வருகிறது. 7 டிராயர் உள்ள பெரிய சக்கர டிராலி ஒன்றை வாங்கலாமா, அல்லது உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

பதில்: பெரிய டிராலி ஒன்றை மட்டும் வாங்குவது உங்கள் பட்டறைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. 4 மெக்கானிக்குகள் 2 வண்டிகளில் வேலை செய்யும் இடத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே பெட்டியில் இருந்தால், அந்தப் பெட்டி ஒரு வண்டியின் பக்கத்தில் நிற்கும்போது அடுத்த வண்டியில் வேலை செய்பவர் இப்போது அலமாரிக்கு நடப்பதைப் போலவே அதை நோக்கி நடக்க வேண்டியிருக்கும். அலமாரிக்குச் சக்கரம் பூட்டியதைத் தவிர வேறு மாற்றம் இராது. உங்களுக்குத் தேவையானவை, வண்டிக்கு ஒன்றாக 2 சிறிய தள்ளு டிராலிகளும், நகராத பொதுக் கருவி இடம் ஒன்றும், வெளி வேலைக்கென்று தனியாக வைக்கப்பட்ட கைப்பெட்டிகளும் ஆகும். எந்தக் கருவி இந்த மூன்றில் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

அந்த முடிவை நினைவிலிருந்து எடுக்காதீர்கள். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்வார். உங்கள் ஊரில் மாம்பழ கிரேட்டுக்குப் பஞ்சமில்லை. 2 காலி கிரேட்டுகளை வண்டிக்கு ஒன்றாக வைத்து, ஒரு வாரத்துக்கு, அன்றன்று பயன்பட்ட கருவியை அலமாரிக்குத் திருப்பி அனுப்பாமல் அந்தந்த கிரேட்டிலேயே போட்டுவரச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் 2 கிரேட்டிலும் கிடப்பவை டிராலிக்கு உரியவை. ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தவை இரட்டையாக வாங்க வேண்டியவை. அலமாரியை விட்டு வெளியே வராதவை அங்கேயே இருக்கலாம். பெரும்பாலும் 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் ஸ்பேனர்களும் பாக்ஸ்களும்தான் (நட்டின் மேல் கவிழ்த்து மாட்டும் சாக்கெட்டுகள்) கைமாறிக்கொண்டிருக்கும். அவற்றை மட்டும் கூடுதலாக வாங்கினால் போதும். 6×7 முதல் 30×32 வரையிலான 12 ஸ்பேனர் செட்டை முழுதாக இன்னொன்று வாங்குவது வீண் செலவு.

டிராக்டர் வேலையும் செய்வதால் இன்னொரு பிரிப்பும் அவசியமாகிறது. பழைய டிராக்டர்கள் பலவற்றில் இஞ்ச் அளவு நட்டுகள் உள்ளன. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அதன் மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்துவது போலத்தான் தோன்றும், ஆனால் துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்து இழுக்கும்போது வழுக்கி, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். முக்கால் இஞ்ச் 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19 ஸ்பேனர் அங்கே ஓரளவு ஒத்துப்போகிறது. அந்தப் பழக்கத்தில்தான் மற்ற அளவுகளிலும் கை துணிகிறது. இஞ்ச் கருவிகளின் பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்துத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

இனி டிராலியின் சக்கரம். வாங்குபவர்கள் டிராயர்களை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள், கீழே குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் தரை வழவழப்பாக இருப்பதில்லை. கான்கிரீட் விரிசல், தண்ணீர் ஓடும் சரிவு, வாசலில் ஜல்லி பெயர்ந்த இடம் எல்லாம் உண்டு. 2 இஞ்ச் நைலான் சக்கரம் அந்த விரிசலிலேயே நின்றுவிடும். சக்கரத்தின் விட்டம் கூடக் கூடப் பள்ளத்தைத் தாண்டுவது எளிது என்பதால், உங்கள் தரைக்கு 5 இஞ்ச் சக்கரம் வேண்டும். பொருளைப் பொறுத்தவரை பாலியூரித்தேன் உறை போட்ட சக்கரமே பட்டறைக்கு ஏற்றது. சாதாரண ரப்பர், டீசலும் ஆயிலும் பட்டு ஊதிப்போகும். இரும்புத் துருவல்களும் அதில் குத்திக்கொள்ளும். நைலான் ஆயிலைத் தாங்கும், பாரத்தோடு எளிதாக உருளவும் செய்யும், ஆனால் சொரசொரப்பான தரையில் அதிர்ந்து அதிர்ந்து, தட்டில் உள்ள பாக்ஸ்களையெல்லாம் ஒரு மூலைக்குக் கொண்டுபோய்விடும்.

சக்கரத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும்போது மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுக்க வேண்டும். மேடுபள்ளமான தரையில் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் என்பதால் பாரம் முழுவதும் மற்ற மூன்றின் மேல் விழுகிறது. வெற்று டிராலி 60 கிலோ, கருவிகள் 120 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 180 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 60 கிலோ. கொஞ்சம் மிச்சம் வைத்து 75 முதல் 100 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்க வேண்டும். கருவிகளின் எடையைக் கண்மதிப்பில் சொல்லாமல், கிரேட்டோடு மண்டித் தராசில் ஒருமுறை நிறுத்துவிடுங்கள். இரும்பின் எடை எல்லோரையும் ஏமாற்றும். நான்கு சக்கரங்களில் 2 நேராக ஓடுபவையாகவும், 2 திரும்புபவையாகவும் இருக்கட்டும். கைப்பிடி, திரும்பும் சக்கரங்கள் உள்ள பக்கத்தில் அமைய வேண்டும். பிரேக்கும் அந்தச் சக்கரங்களில் இருந்தால் தள்ளுபவரின் காலுக்கு எட்டும்.

உள்ளூரில் செய்வதா, வாங்குவதா என்பதற்கு ஒரே பதில் இல்லை. டிராயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. டிராயர் இல்லாத 3 தட்டுத் தள்ளு டிராலியை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், கடையில் கிடைப்பதைவிட அது உறுதியாகவும் இருக்கும். அடிச்சட்டத்துக்கு 35 அல்லது 40 மில்லிமீட்டர் ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை), தட்டுகளுக்கு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தகடு போதும். சக்கரத்தின் தகட்டை ஆங்கிள் சட்டத்தின் மேல் கனமான பட்டை வைத்துப் போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். வெல்டு வைத்துவிட்டால் பிறகு சக்கரம் மாற்ற கிரைண்டரைத்தான் எடுக்க வேண்டும். வெறும் தகட்டில் முடுக்கினாலோ சில மாதங்களில் தகடு கிழியும். தட்டுகளின் ஓரம் 2 இஞ்ச் உயர்ந்திருக்கட்டும், மேல்தட்டில் கழற்றிய போல்ட்டுகளுக்கு ஒரு காந்தத் தட்டு இருக்கட்டும். டீ கிளாஸை மேல்தட்டில் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பக்கவாட்டில் ஒரு கம்பி வளையம் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

டிராயர் உள்ள பெட்டி வேறு விஷயம். டிராயரை ஓடச் செய்யும் குண்டு உருளும் சேனல்களுக்குப் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. ஆகவே டிராயர், கூட்டின் உள் அகலத்தைவிட 25 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் குறுகியிருக்க வேண்டும். அந்த இடைவெளி முன்னும் பின்னும் 1 மில்லிமீட்டர் மாறினாலே டிராயர் பிடிக்கும். மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளிவதைத் தவிர்க்க முடியாது, எனவே வெல்டர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் 7 டிராயரும் சீராக ஓடும்படி செய்வது கடினம். தகட்டை பிரஸ் பிரேக் என்ற மடிப்பு இயந்திரத்தில் மடித்து ஸ்பாட் வெல்டிங் செய்யும் வசதி உள்ள இடங்கள் ஓசூரில் உண்டு. ஆனால் ஒரே ஒரு பெட்டிக்காக அவர்களிடம் போவதைவிட தயாராக உள்ளதை வாங்குவது மலிவாக முடியும்.

வாங்கும்போது 2 விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, ஒரு டிராயர் தாங்கும் எடை. பரவலாகக் கிடைக்கும் சேனல்கள் ஜோடிக்கு 35 அல்லது 45 கிலோ அளவில் இருக்கும். முக்கால் இஞ்ச் பாக்ஸ் செட்டும், பேரிங் போன்றவற்றை இழுத்துக் கழற்றும் புல்லர்களும் சேர்ந்தால் அந்த அளவை எளிதில் தொட்டுவிடும். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு டிராயர் மட்டுமே திறக்கும் பூட்டு அமைப்பு உண்டா என்பது. மேலேயுள்ள பாரமான 2 டிராயர்களை ஒன்றாக இழுத்தால் எடைமையம் முன்னால் வந்து பெட்டி ஆளின் மேலேயே சாயும். இந்தப் பெட்டியை நான் சக்கரத்தோடு வாங்கச் சொன்னாலும் ஓட்டச் சொல்லவில்லை: 2 வண்டிகளுக்கும் நடுவே சுவரோரம் பிரேக் போட்டு நிறுத்திவிடுங்கள். அதுவே பொதுக் கருவி இடம்.

அந்தப் பெட்டியில் சுத்தியல், உளி, புல்லர் போன்ற கனமானவை கீழ் டிராயர்களிலும், அதிகம் எடுபடுபவை இடுப்பு உயரத்திலும் அமைய வேண்டும். இப்போது உங்களுடைய இரண்டாவது கவலைக்கு, அதாவது மாலையில் ஒன்று குறைவதற்கு வருகிறேன். எண்ணிப் பார்ப்பதைவிட, குறைவது கண்ணுக்குத் தானே தெரியும்படி செய்வதுதான் வழி. செருப்பு தைப்போருக்கு விற்கும் ஈவிஏ என்ற நுரை ஷீட்டில் கறுப்பு ஒன்றும் மஞ்சள் ஒன்றும் வாங்கி, மஞ்சளை அடியில் ஒட்டி, கறுப்பில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வெட்டியெடுத்து அதன் மேல் ஒட்டுங்கள். கருவி இல்லாத இடத்தில் மஞ்சள் தெரியும். கருவியின் கனத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் பள்ளம் இருக்கட்டும், விரல் நுழைய ஓரத்தில் ஓர் அரைவட்டமும் வெட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் கிரீஸ் கையோடு ஸ்பேனரை நெம்பி எடுக்க வேண்டியிருக்கும். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன் யாராவது உங்களிடம் இருந்தால், இந்த வேலையை அவரிடமே விடலாம். பொருள்களைப் பிரித்து அதனதன் இடத்தில் வைக்கும் 5எஸ் முறையின் பெயரில் அங்கே இது பழகியிருக்கும்.

டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்துக்கு நட்டை முடுக்கும் கருவி), முக்கால் இஞ்ச் ராட்செட் (பாக்ஸை மாட்டித் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி), மல்டிமீட்டர் போன்று பட்டறைக்கு ஒன்றே உள்ளவற்றுக்கு, தொழிற்சாலைக் கருவி அறைகளில் நெடுங்காலமாக இருக்கும் வில்லை முறையைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் அவருடைய எண் பொறித்த 5 பித்தளை வில்லைகள்; கருவியை எடுத்தால் அந்த இடத்தில் வில்லையை மாட்ட வேண்டும். யார் எடுத்தது என்று கூவிக் கேட்பதும், அதில் வரும் மனத்தாங்கலும் இதனால் நிற்கும். டார்க் ரெஞ்சை மட்டும் வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி, அதன் உறையிலேயே வைக்க வேண்டும். ஸ்பிரிங் இறுக்கத்தோடு கிடந்தால் அளவு பிசகும். 12 மாதம் அல்லது 5,000 முறை, இவற்றில் எது முன்னே வருகிறதோ அப்போது அதைக் காலிபரேஷனுக்கு, அதாவது அளவைச் சரிபார்க்க, அனுப்ப வேண்டும். பேட்டரி சார்ஜ் செய்யும் மேசை இந்தப் பெட்டிக்கு அருகில் இருந்தால் இடம் மாற்றுங்கள். அமில ஆவி, மழைக்காலத்து ஈரத்தைவிட வேகமாகக் கருவிகளைத் துருவேற்றும்.

பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி இருந்தால், அதன் விளிம்பைச் சுற்றிலும் 2 இஞ்ச் உயரத்துக்கு ஆங்கிள் பதித்துவிடுங்கள். பிரேக் போட மறந்த டிராலி சரிவில் மெல்ல நகர்ந்து குழிக்குள் விழுந்தால், கீழே நிற்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்கும் நேரம் இராது.

வெளி வேலைக்கான பெட்டியில் பலரும் செய்யும் காரியம், அழைப்பு வந்ததும் டிராலியிலிருந்து கருவிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவது. உங்கள் பட்டறையில் மாலையில் குறைபவற்றில் ஒரு பகுதி இப்படிச் சாலையோரத்தில் தங்கியவையாகவே இருக்கும். வெளிப் பெட்டிக்கு அதற்கென்றே கருவிகள் வேண்டும், அவை பட்டறைக்குள் பயன்படக் கூடாது. ஒரே பெட்டியாக இல்லாமல், ஓர் ஆள் ஒரு கையில் தூக்கும் அளவில் 2 பெட்டிகளாகப் பிரியுங்கள். தொப்பூருக்கும் குவாரிக்கும் ஒரே பெட்டி சரிப்படாது என்பதும் அதற்கு ஒரு காரணம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கமாக இறங்கும் சரிவில் நிற்கும் லாரிக்கு பிரேக்தான் முதல் சந்தேகம். எனவே அந்தப் பெட்டியில் பிரேக் அட்ஜஸ்ட் செய்யும் ஸ்பேனர்கள், காற்றுக் குழாயும் அதன் இணைப்புகளும், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகளும், ஒளிரும் முக்கோணமும் பெட்டிக்கு மேலேயே கட்டப்பட்டிருக்கட்டும். வண்டிக்கு அடியில் நுழைவதற்கு முன் முதலில் கைக்கு வர வேண்டியவை அவைதான். மடக்கி விரியும் 5 தட்டு இரும்புப் பெட்டி இதற்குப் போதும்.

குவாரிக்கு அது ஆகாது. கிரானைட் தூசி கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசையாகி, ராட்செட்டின் பற்களைத் தேய்த்துவிடும். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியாக வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகை கிடைத்தால், பிக்கப் வண்டியில் உருளாமல் நிற்கும். திரும்பி வந்ததும் கருவிகளைத் துணியால் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் தூசி ராட்செட்டுக்குள்ளேதான் போய்ச் சேரும். இரண்டு பெட்டிகளின் மூடியிலும் உள்ளிருப்பவற்றின் பட்டியலை ஒட்டி வைத்து, போய்வந்தவரே அதைப் பார்த்துச் சரிபார்த்து, தீர்ந்துபோன பல்பு, நட்டு, இன்சுலேஷன் டேப் போன்றவற்றை அன்றைக்கே நிரப்பி, பூட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று விதி வையுங்கள். கணவாயிலிருந்து அழைப்புகள் பெரும்பாலும் இரவில்தானே வருகின்றன.