நோட்டில் எழுதாமல் விட்ட பாவம்

கேள்வி: எங்கள் ஊர் நற்செய்திக் கூட்டத்தில் பேசிய ஒரு பிரசங்கியார், அறிக்கை செய்யாத ஒரே ஒரு பாவத்தோடு இறந்தாலும் இரட்சிப்பு போய்விடும் என்றார். அன்று முதல் இரவுதோறும் அந்த நாளின் பாவங்களை ஒரு நோட்டில் எழுதி, ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். எதையாவது மறந்திருப்பேனோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. மூன்று சபைகளில் மூன்று முறை ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். தகுதியில்லை என்று ஒரு வருடமாகத் திருவிருந்திலும் பங்குபெறவில்லை. என் தம்பியோ, ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்புதான்’ என்று சொல்லிக்கொண்டு தினமும் குடிக்கிறான். கோயில் பக்கமே வருவதில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதும் தவறு, சகோதரி. ஆனால் உங்கள் தவறு உங்களிடம் தொடங்கவில்லை. மேடையில் அப்படிப் பேசியவர் பேசிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஒரு வருடமாகத் தூங்காமல் கிடப்பது நீங்கள். எனக்கு அதில் கோபம் இருக்கிறது.

பாவ அறிக்கை வேண்டியதுதான். 1 யோவான் 1:9 அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த வசனம் சாய்ந்து நிற்பது மன்னிக்கிறவரின் உண்மையின்மேலும் நீதியின்மேலும். அறிக்கை செய்கிறவரின் ஞாபகசக்தியின்மேல் அல்ல. ‘மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்’ என்று தாவீது கேட்டானே (சங்கீதம் 19:12), அது தனக்கே தெரியாத பாவங்களுக்காக. அவனிடம் நோட்டு இல்லை.

என் பெரியம்மா நாற்பது வருடம் ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்தவர். கடைசி இரண்டு வருடம் மறதி நோய். வேதாகமத்தை மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டு வரிவரியாக விரலால் தடவிக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்து, ‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடித்தேன். என் முகத்தைப் பார்த்து, ‘அவர் யார், தம்பி?’ என்று கேட்டார். யாரோ வழிப்போக்கனிடம் கேட்பதுபோல் கேட்டார். என்னையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மாதங்களில் தன்னைக் குளிப்பாட்ட வந்த பெண்ணை, வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகளால் திட்டினார். எதையும் அறிக்கை செய்ய அவருக்கு முடியவில்லை. உங்கள் பிரசங்கியாரின் கணக்குப்படி அவர் எங்கே போயிருப்பார்? நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பெரியம்மா ஆண்டவரை விட்டுவிட்டார். ஆண்டவர் பெரியம்மாவை விடவில்லை.

இது என் பாசத்தில் பிறந்த சமாதானம் அல்ல. ‘அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை’ என்று ஆண்டவரே சொன்னார் (யோவான் 10:28). மூல கிரேக்கத்தில் இந்த ‘ஒருக்காலும்’ இரட்டை மறுப்பாக வருகிறது. ‘இல்லவே இல்லை’ என்று அடித்துச் சொல்கிற தொனி. அடுத்த வசனத்திலேயே பிதாவின் கையும் சேருகிறது. ஆடு தன் நினைவால் மேய்ப்பனைப் பிடித்துக்கொண்டிருப்பதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

எபிரெயர் 6:4–6 என்னாவது என்று கேட்பீர்கள். அந்தப் பிரசங்கியாரும் அதைத்தான் வாசித்திருப்பார். பரம ஈவை ருசிபார்த்தும் மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்கு ஏற்படுத்துவது கூடாத காரியம் என்கிறது அந்தப் பகுதி. இதற்கு, இரட்சிப்பை இழந்தவர்கள் என்று பொருள் கொண்டால், அவர்கள் திரும்ப வரவே முடியாது என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பிறகு எதற்காக வருடாவருடம் அதே மேடையிலிருந்து, ‘இழந்தவர்கள் முன்னால் வாருங்கள்’ என்று அழைக்கிறார்கள்? பாதி வசனத்தால் பயமுறுத்திவிட்டு மீதியை மறைப்பது மந்தையை மேய்க்கிற வேலை அல்ல. ஒன்பதாம் வசனத்தில் அந்த நிருபத்தின் ஆசிரியரே, ‘பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்’ என்று தொடங்கி, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். கிறிஸ்துவையே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகிறவர்களுக்கான எச்சரிப்பு அது. அவரை இழந்துவிடுவேனோ என்று அழுகிறவருக்கு அதைப் பிரசங்கிப்பது கொடுமை.

எல்லாச் சபைகளும் என்னோடு உடன்படுவதில்லை. தேவனுடைய பிள்ளை விழுந்து அழிந்துபோக முடியும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751-இல் எழுதினார். மெதடிஸ்ட் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையார் பலரும் அந்த வழியில் நிற்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வெஸ்லிகூட, தெரிந்தே மனமறிந்து மீறுவதைத்தான் சரியான பொருளில் பாவம் என்றார். ராத்திரி நோட்டில் எழுத மறந்ததற்காக ஒருவர் நரகத்துக்குப் போவார் என்பது அவருடைய போதனையும் அல்ல.

இப்போது உங்கள் தம்பி. அவர் சொல்லிக்கொள்கிற வாசகத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618 நவம்பரில் கூடி 1619 மே வரை நடந்த சபை மாமன்றம், பரிசுத்தவான்கள் கடைசிவரை நிலைநிற்பதைப் பற்றி ஒரு முழுப் பகுதியே எழுதியது. தாவீதும் பேதுருவும் விழுந்த விழுகையை அது மூடி மறைக்கவில்லை. விசுவாசிகளும் கொடிய பாவத்தில் விழுவார்கள், ஆவியானவரைத் துக்கப்படுத்துவார்கள், உண்மையான மனந்திரும்புதலோடு திரும்பும்வரை கிருபையின் உணர்வைச் சில காலம் இழந்தும் போவார்கள் என்கிறது. ஆனால் தேவன் அவர்களை அங்கேயே கிடக்க விடமாட்டார், திரும்பக் கொண்டுவருவார் என்பதுதான் அந்த உபதேசம். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. பவுல் ரோமர் 6-இல் ‘கூடாதே’ என்று தள்ளியதும் அதைத்தான். உங்கள் தம்பி இரட்சிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் திரும்ப வரவேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவருக்கு அந்த ஆறுதல் வாசகத்தை எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவரே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வேறு, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு வேறு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், சபைகள் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர். 1773-இல் மனம் உடைந்து, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கினார். 1800-இல் இறக்கும்வரை அந்த இருள் முழுதாக விலகவில்லை. தேவன் அவரைத் தள்ளிவிட்டார் என்பதை அவருடைய போதகர் ஜான் நியூட்டன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓராண்டுக்கு மேல் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரின் பயத்தை ஆவிக்குரிய அளவுகோலாக நியூட்டன் எடுத்துக்கொள்ளவில்லை, நோயாகப் பார்த்தார். ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

நான்காவது ஞானஸ்நானத்துக்குப் போகாதீர்கள். ‘ஒரே ஞானஸ்நானம்’ என்று எபேசியர் 4:5 சொல்கிறது; முதல் முறையே போதும். இன்றிரவு நோட்டைத் திறக்காமல், ‘ஆண்டவரே, தெரிந்ததையும் தெரியாததையும் மன்னியும்’ என்று ஒரே வரியில் ஜெபித்துவிட்டுப் படுங்கள். அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போய், மற்றவர்களோடு முழங்காற்படியிட்டு, கையை நீட்டுங்கள். கூப்பிட்டுப் பார்த்தால் தம்பியும் கோயில் வாசல்வரையாவது துணைக்கு வரலாம்.