"அவன் சரியான எம்டன்" என்கிறார்களே, யார் அந்த எம்டன்?

எம்டன் ஆள் அல்ல, ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னைக் கடலோரம் வந்து துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சில நிமிடங்களில் சுமார் 125 குண்டுகள்! பதிலடி வலுப்பதற்குள் இருளில் மறைந்துவிட்டது.

சேதத்தைவிடப் பீதிதான் பெரிது. யாராலும் நெருங்க முடியாது என்று நம்பியிருந்த ஆங்கிலேய அரசின் வாசலிலேயே ஒருவன் வந்து அடித்துவிட்டுப் போனான் அல்லவா? ஊரைவிட்டே பலர் வெளியேறினார்கள். துணிச்சலும் தந்திரமும் சேர்ந்தவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நகல் எடுப்பதை 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அதுபோலத்தான். வீட்டில் கண்டிப்பான அப்பாவும் எம்டன் ஆனது பிற்பாடு; என் தாத்தாவுக்கு அது முழுக்கப் பொருந்தும்.

குண்டு விழுந்ததன் நினைவாக உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் போனால் பாருங்கள்.

எம்டன் என்பது கப்பல் தலைவரின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர், கப்பலுக்கு வைத்த எம்டன் என்ற பெயர் வடஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தினுடையது.