ஆப்பிரிக்காவை மழையிலிருந்து படிப்பது – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆப்பிரிக்காவை முறையாகப் படித்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாக முயன்று வருகிறேன். 54 நாடுகளின் பெயர்களையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்தேன். பிறகு எகிப்து, அடிமை வணிகம், காலனியாட்சி என்று போனேன். எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. கானா பேரரசைத் தேடினால் அது இன்றைய கானாவில் இல்லை. பெனின் சிற்பங்கள் பெனின் நாட்டுடையவை இல்லை. இவ்வளவு பெரிய கண்டத்தை எந்த வரிசையில் படிப்பது? எகிப்தை ஆப்பிரிக்காவோடு சேர்ப்பதா, மேற்காசியாவோடா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் உழைப்பில் குறையில்லை, வரிசையில்தான் சிக்கல். நாட்டுப் பட்டியல் ஆப்பிரிக்க வரலாற்றின் கடைசி அத்தியாயம். அதை முதலில் படித்தால் முந்தைய ஆயிரம் ஆண்டுகளையும் அந்த எல்லைகளுக்குள்ளேயே தேடுவோம். கானா பேரரசு இருந்தது இன்றைய மொரிட்டானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும். 1957-இல் விடுதலை பெற்ற கோல்டு கோஸ்ட் அந்தப் பழைய பெயரை ஏற்றுக்கொண்டது. பெனின் அரசு இன்றைய நைஜீரியாவின் தெற்கில் இருந்தது. டஹோமி என்ற வேறொரு நாடு 1975-இல் பெனின் ஆனது.

மழையில் தொடங்குங்கள். ஏ3 அளவில் ஒரு வெற்று வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காகச் சுமார் 8,000 கி.மீ., கிழக்கு மேற்காகச் சுமார் 7,400 கி.மீ. பரந்த நிலம் இது. ஒரு செ.மீ.க்கு 300 கி.மீ. என்று வைத்தால் தாளில் சரியாக அடங்கும். பரப்பளவைச் சரியாகக் காட்டும் வகை வரைபடமாகப் பாருங்கள். மெர்கேட்டர் வகையில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது.

அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து நிலநடுக்கோட்டையும் கடக, மகர ரேகைகளையும் வரையுங்கள். மூன்றும் கடந்து செல்லும் ஒரே கண்டம் இது. நிலநடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரே வரிசைதான்: மழைக்காடு, புல்வெளி, பாலை, கடைசியில் குளிர்காலத்தில் மழை பெறும் கடலோரம். அல்ஜீரியாவிலும் கேப் டவுன் பக்கத்திலும் திராட்சை விளைவது இதனால்தான். கிழக்கே எத்தியோப்பிய, கென்ய மேட்டுநிலங்கள் இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன; அவற்றைத் தனியாக நிழலிட்டுக் காட்டுங்கள்.

ஆண்டு மழையளவை மட்டும் குறித்துவிட்டு மாதத்தை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில் நேரும் தவறு. சகாராவின் தென் விளிம்பான சாஹேலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் நவம்பர் முதல் மார்ச் வரை, கென்யாவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். இது தெரிந்தால்தான் ஃபுலானி மேய்ப்பர்கள் மழையோடு வடக்கே போய், அறுவடைக்குப் பின் தெற்கே இறங்கி, கம்பு வயல்களில் மாடு மேய்ப்பது புரியும். உழவருக்கு எரு, மாட்டுக்குத் தட்டை. மழை தவறும் ஆண்டுகளில் மந்தைகள் அறுவடைக்கு முன்பே வயலுக்கு வந்துவிடுவதும், சண்டை மூள்வதும் இதே கணக்கில் வருபவை.

இரண்டாம் தாளில் மேட்டையும் ஆறுகளையும் வரையுங்கள். கண்டத்தின் பெரும்பகுதி மேட்டுநிலம். ஆறுகள் கடலை நெருங்கும் இடத்தில் அருவிகளாக விழுகின்றன. கின்ஷாசாவுக்கும் மட்டாடி துறைமுகத்துக்கும் இடையில் காங்கோ ஆறு சுமார் 350 கி.மீ. தூரம் பாறைகளில் மோதி இறங்குகிறது, கப்பல் ஏற முடியாது. 1890-இல் அங்கே ரயில் பாதை போடத் தொடங்கியது இதற்காகத்தான்.

மூன்றாம் தாள் செட்சி ஈயுடையது. பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் மேற்கு, நடு ஆப்பிரிக்க வரலாற்றில் பாதி இந்தத் தாளில்தான் இருக்கிறது. இந்த ஈ பரப்பும் நோயில் குதிரை பிழைப்பதில்லை. நிடாமா போன்ற சில இனங்களைத் தவிர மாடும் தாங்குவதில்லை. அதனால் காட்டுப் பகுதியில் ஏர் மாடு இல்லை, வண்டி இல்லை. சரக்கு தலைச்சுமையாகவோ ஓடத்திலோதான் போகும். மாலி, சோங்காய் பேரரசுகளின் குதிரைப்படைகள் காட்டின் விளிம்போடு நின்றுபோனதும் இதனால்தான். எத்தியோப்பிய மேட்டில் இந்த ஈ இல்லை, அங்கே மாடு பூட்டி உழுதார்கள். 'அங்கே சக்கரம் ஏன் பரவவில்லை' என்று கேட்டு மக்களின் திறமையைச் சந்தேகிப்பவர்கள் இந்தத் தாளைப் பார்க்காதவர்கள்.

இந்த மூன்றுக்கும் ஒரு மாதம் போதும். அடுத்து வரலாறு. கண்டம் முழுவதையும் நூற்றாண்டு வாரியாகப் படிக்காதீர்கள், ஒன்றும் தங்காது. ஒரே ஒரு ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தேர்வு நைஜர்.

அட்லாண்டிக் கடலிலிருந்து சுமார் 240 கி.மீ. தள்ளி, உங்கள் தாளில் ஒரு செ.மீ.க்கும் குறைவு, கினி மேட்டில் பிறக்கிறது. கடலை விட்டு விலகி வடகிழக்கே சகாராவின் விளிம்புவரை போய், வளைந்து திரும்பி, மொத்தம் சுமார் 4,180 கி.மீ. ஓடிக் கினி வளைகுடாவில் சேர்கிறது. வளைவின் உச்சிக்கு அருகே டிம்பக்டு: ஒட்டகச் சுமை படகுக்கு மாறும் இடம். சகாராவின் நடுவே இருந்த தகாசா சுரங்கங்களின் உப்புப் பாளங்கள் தெற்கே வந்தன, பம்புக், புரே பகுதிகளின் பொன் வடக்கே போனது. கானா பேரரசின் அரசர் ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு தினாரும், வெளியே போனால் இரண்டு தினாரும் வாங்கினார் என்று 11-ஆம் நூற்றாண்டில் அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி எழுதுகிறார். பேரரசுக்குப் பணம் வந்த வழி இந்த ஒரு வரியில் இருக்கிறது. மாலிப் பேரரசர் மன்சா மூசாவின் 1324 மெக்கா பயணத்தைப் பற்றிப் படிக்கத் திகட்டாது, ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். 1482-இல் போர்த்துகீசியர் இன்றைய கானா கடற்கரையின் எல்மினாவில் கோட்டை கட்டிய பின் பொன்னின் ஒரு பகுதி கடற்கரைக்குத் திரும்பியதையும், 1591-இல் மொரோக்கோ படை துப்பாக்கியோடு பாலையைக் கடந்து தோண்டிபியில் சோங்காயை வென்றதையும் சேர்த்துப் படியுங்கள்.

சான்றுகளைத் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். அல்-பக்ரி ஸ்பெயினை விட்டு வெளியே போனதில்லை. வணிகர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர். கிரியோக்கள் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்கப் பரம்பரைப் பாணர்களின் வாய்மொழி வரலாறு, மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாதாவைப் போன்றவர்களை விரித்துப் பாடும், இடைத் தலைமுறைகளைச் சுருக்கிவிடும். இரண்டையும் அகழாய்வோடு ஒப்பிட வேண்டும். அரபு வணிகம் வந்த பிறகே இங்கே நகரங்கள் எழுந்தன என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1977-இல் மாலியில் உள்ள ஜென்னே-ஜெனோ என்ற பழைய நகர்மேட்டைத் தோண்டியபோது, கி.மு. 3-ஆம் நூற்றாண்டளவிலேயே குடியேற்றம் தொடங்கி, அந்த வணிகம் வலுப்பெறும் முன்பே அது பெருநகராகிவிட்டது தெரியவந்தது. யுனெஸ்கோவின் ஆப்பிரிக்கப் பொது வரலாற்றில் 3, 4 தொகுதிகளின் மேற்கு ஆப்பிரிக்க அத்தியாயங்கள் இப்போதைக்குப் போதும்.

மொழிகளுக்கு ஒரு தாள், எல்லைகளுக்கு ஒரு தாள். மடகாஸ்கரின் மொழிக்கு நெருங்கிய உறவு போர்னியோ தீவில் இருக்கிறது; அதை மறக்காமல் குறியுங்கள். 1884–85 பெர்லின் மாநாட்டு மேசையில் ஆப்பிரிக்கா துண்டு போடப்பட்டது என்று எங்கும் படிப்பீர்கள். அங்கே வகுத்தது பெரும்பாலும் கைப்பற்றுவதற்கான விதிகளை. கோடுகளில் பல, பிறகு இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து செய்த ஒப்பந்தங்களில் வந்தவை. 1964-இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அவற்றை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

எகிப்தை இரண்டோடும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஆனால் தெற்கிலிருந்து தொடங்குங்கள். நைல் வெள்ளம் எத்தியோப்பியாவின் கோடை மழை. அது உங்கள் முதல் தாளிலேயே இருக்கிறது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டின் அரசர் பியே வடக்கே போய் எகிப்தை வென்றார். அவர் வழியினர் அங்கே 25-ஆம் அரசமரபாக ஆண்டார்கள். குஷின் தலைநகரங்களான கெர்மா, நபாட்டா, மெரோயி என்று கால வரிசையில் போங்கள். மெரோயி எழுத்துகளின் ஒலி தெரியும், மொழியின் பொருள் இன்னும் பெருமளவு விளங்கவில்லை. ஆகவே குஷ் பற்றி எகிப்தியர் எழுதியதைத் தொடும் முன், பியே எகிப்திய எழுத்தில் வெட்டுவித்த வெற்றிக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பைப் படித்துவிடுங்கள்.