கிளட்ச் ஏன் தேய்கிறது: காரோட்டிகளின் கேள்விகளும் பட்டறையிலிருந்து பதில்களும்

கோவை கணபதிப் பக்கம் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கார்ப் பட்டறை நடத்திவருகிறேன். கிளட்ச் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து சேர்ந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். வண்டிக்கு வண்டி மாறும் அளவுகளுக்கு உங்கள் காரோடு வந்த கையேட்டையே பாருங்கள்.

ஐயா, என் கார் 32,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். என் மைத்துனரிடம் இருக்கும் அதே மாடல் 1,10,000 தாண்டியும் முதல் கிளட்ச்சிலேயே ஓடுகிறது. எனக்கு மட்டும் மட்டமான பிளேட் வந்துவிட்டதா? (சரவணம்பட்டி)

பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் அது எப்போது தேய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது பிளைவீல். அதை ஒட்டி, இரு பக்கமும் உராய்வுப் பூச்சு கொண்ட கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸின் தண்டில் கோக்கப்பட்டிருக்கும். அதை பிளைவீலோடு வைத்து நசுக்குவதற்கு, வட்டத் தகடு போன்ற ஸ்பிரிங் கொண்ட பிரஷர் பிளேட் பின்னால் இருக்கும். பெடலில் கால் இல்லாதபோது மூன்றும் ஒரே உருப்படியாகச் சுற்றுவதால் உராய்வு இல்லை, தேய்மானமும் இல்லை. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்த, பிரஷர் பிளேட் விலகி, பிளேட் தனியே நிற்கும். பெடலை விடும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றில் ஓடும் பிளைவீலும் நின்றுகொண்டிருக்கும் பிளேட்டும் உரசி உரசி ஒரே வேகத்துக்கு வருகின்றனவே, அந்த ஒன்றிரண்டு நொடிகள்தான் பிளேட்டின் ஆயுளைத் தின்கின்றன.

உங்கள் மைத்துனர் பெருந்துறை வழியாகச் சேலம் போய்வருபவர் என்றால், ஐம்பது கிலோமீட்டருக்கு அவர் நாலைந்து முறை கிளட்ச் மிதித்திருப்பார். நீங்கள் அலுவலகம் விடும் நேரத்தில் சத்தி சாலையில் ஆறு கிலோமீட்டர் ஊர்வதற்குள் நூறு முறை மிதித்திருப்பீர்கள். ஆகவே கிலோமீட்டரை வைத்து இரண்டு கார்களை ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிற்கும் வண்டியைச் சமதளத்தில் கிளப்பும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் அந்தத் தருணத்தில் வண்டி பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமமான வெப்பம் பிளேட்டில் இறங்கிவிடுகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சிறிய கார்களில் இரண்டாம் கியரில் கிளட்ச் பிடிக்கும் வேகம், முதல் கியரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. எனவே ஊர்ந்து போகும்போது சோம்பலில் இரண்டாம் கியரிலேயே வண்டியைக் கிளப்புகிறவர், ஒவ்வொரு முறையும் மூன்று மடங்குக்கு மேல் சூட்டைப் பிளேட்டுக்குக் கொடுக்கிறார். முழுதாக நின்றுவிட்டால் முதல் கியர்தான்.

அண்ணா, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் முன்னால் பேருந்து நின்றுவிட்டால், பிரேக்கைத் தொடாமல், பெடலைப் பாதி மட்டும் மிதித்த ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைக்கிறேன். பின்னால் நகராமல் அழகாக நிற்கிறது. போன முறை கருகிய நாற்றம் வந்தது. (காரமடை)

அழகாக நிற்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், முதல் கியரில், எஞ்சின் 1,200 சுற்றில் ஓட, கிளட்ச்சிலேயே தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிளேட்டில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 2,800 வாட். கார் ஒரு அங்குலம்கூட நகராமல் நிற்கையில், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றைக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் அடைத்து வைத்ததற்கு இது சமம். நாற்றம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு வந்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, எஞ்சின் சத்தம் சற்றே தாழ்ந்து பானட் லேசாக எழும் இடம் வரை கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தபடி ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். நாற்றம் வந்துவிட்டால் சமமான இடத்தில் ஒதுங்கி, நியூட்ரலில், பெடலைத் தொடாமல், எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) கால் மணி நேரம் ஓடவிடுங்கள். மொத்தமும் சேர்ந்து சுற்றும்போது உள்ளே காற்றோட்டம் கிடைத்துச் சூடு தணியும்.

திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் என் மாமா. சரிதானா? (சத்தியமங்கலம்)

மாமா ஓட்டிப் பழகியது கார்பரேட்டர் வண்டியாக இருக்கும். இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் இருக்கும்வரை எரிபொருள் தெளிப்பதே நின்றுவிடும். கிளட்ச்சை மிதித்தால்தான் எஞ்சின் ஐடிலில் ஓடுவதற்காகக் குடிக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டியிருப்பது.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. முதல் கியரில் கிடக்கும் வண்டி, கிளட்ச் மிதித்த நிலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு உருண்டால், சக்கரங்கள் கியர்பாக்ஸ் வழியாகப் பிளேட்டை 8,000 சுற்றுக்கு மேல் சுழற்றும். எஞ்சின் அமைதியாக இருப்பதால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பிளேட்டின் பூச்சு பிய்ந்து சிதறக்கூடும். அப்படிச் சிதறிய ஒன்றை என் கையால் இறக்கியிருக்கிறேன்.

தேய்ந்துவிட்டதா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?

சமதளச் சாலையில், எஞ்சின் சூடான பிறகு, நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். சுற்று மட்டும் சட்டென ஏறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் மிக மேலே வந்த பிறகே வண்டி நகரத் தொடங்குவதும், ஏற்றத்தில் இழுவை குறைவதும் இதன் முன்னறிகுறிகள். கேபிள் கிளட்ச் (பெடல் கம்பி வழியாகக் கிளட்ச்சை இழுப்பது) உள்ள வண்டியில் முதலில் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச்சை அழுத்தத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் சிறு தூரம், இருக்கிறதா என்று பாருங்கள். அது அறவே இல்லாமல் இறுகியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பெடலை மிதித்தால் கரகரவென்று சத்தம் வருகிறது.

மிதிக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்.

ரிவர்ஸ் போடும்போது கியர் கடிக்கிறது. இரண்டு மூன்று முறை பெடலை அடித்துவிட்டுப் போட்டால் விழுகிறது. பிளேட் போய்விட்டதா? (திருச்செங்கோடு)

அடித்து மிதித்தால் விழுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்களுடையது ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது கம்பிக்குப் பதில் குழாயில் உள்ள திரவம் அழுத்துவது; குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ கசிகிறது. பிளேட் முழுதாக விலகாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் பல்சக்கரம் கடிக்கிறது. பெடலுக்கு மேலே, கால்மிதிக்கு அடியில், ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான் என்பதால் இந்தக் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது. அதில் ஊற்றுவது பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், செலவு பல மடங்காகும்.

வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் நோம்பிக்கு வந்தேன். தோட்டத்துக் கொட்டகையில் ஆறு மாதம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் எந்தக் கியரும் விழவில்லை. (காங்கேயம்)

மழை ஈரத்தில் பிளைவீல் துருப்பிடித்துப் பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெடலை முழுக்க அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து ஓர் இரவு விட்டுவைத்தால் சில நேரம் தானாக விடும். விடவில்லை என்றால் மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளுங்கள். கியரில் போட்டு உதறி எடுக்கும் வித்தையைக் கொட்டகைக்குள் செய்து சுவரில் மோதியவர்கள் உண்டு. அடுத்த முறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

லங்கா கார்னர் பாலத்தடியில் மழைநீரில் இறங்கிய பிறகு கிளட்ச் வழுக்குகிறது என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கிளட்ச் கூடு நீர் புகாதது அல்ல. நனைந்தது காய்ந்தால் சரியாகும். சேறு புகுந்திருந்தால் பிரித்துத் துடைக்க வேண்டும்.

பிளேட் மட்டும்தானே தேய்ந்தது; பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்வது காசு பிடுங்கவா? (ஈரோடு)

இந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இந்த இடத்தில் மெக்கானிக் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்கு மிச்சம்பிடித்துக் கொடுப்பதாக எண்ணிப் பிளேட்டை மட்டும் மாற்றி அனுப்பினேன். நான்கே மாதத்தில் பழைய பேரிங் கத்தத் தொடங்க, மறுபடியும் கூலியில்லாமல் இறக்கிக் கொடுத்தேன். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்போதே எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் புதுப் பிளேட்டில் எண்ணெய் பட்டால் கிளம்பும்போது வண்டி உதறும். பிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். நம் ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. சில டீசல் கார்களில் உள்ள இரட்டை நிறை பிளைவீலுக்கு (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது) இது பெரும்பாலும் பொருந்தாது, செலவும் கூடும். பட்டறைப் பையன்களுக்கு ஒரு சொல்: கூட்டுக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, ஈரத்துணியால் துடையுங்கள்.

எங்கள் கார் ஏஎம்டி (தானே கியர் மாற்றிக்கொள்வது). கிளட்ச் பெடலே இல்லை, எனவே கவலையும் இல்லை, சரிதானே? (திருப்பூர்)

பெடல்தான் இல்லை, கிளட்ச் அப்படியே இருக்கிறது, உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டித் தட்டி வண்டியை நிறுத்திவைத்தால் காரமடைக்காரருக்கு எழுதிய கணக்கு உங்களுக்கும் பொருந்தும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

மகள் ஓட்டப் பழகுகிறாள். கிளட்ச்சைக் கெடுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. (கோபி)

சமதள மைதானத்தில் முதல் நாள் முழுவதும் ஆக்சிலேட்டரைத் தொடவே விடாதீர்கள், அம்மா. முதல் கியரில் பெடலை மெல்ல விட்டால் ஐடில் வேகத்திலேயே கார் நகரும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதம் கற்றுக்கொள்வது அப்போதுதான். பத்து முறை எஞ்சின் அணையட்டும், அதனால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது. அணைந்துவிடுமோ என்று அஞ்சி ஆக்சிலேட்டரை அலறவிடுவதுதான் அதைக் கருக்கும். ஓடத் தொடங்கியதும் இடது கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.